நெப்பந்தஸ் மறுபடி குடுவை விட்டது: தொட்டி மாற்றிய குறிப்புகள்

இலை நுனியில் குடுவை விட்டுப் பூச்சி பிடிக்கும் நெப்பந்தஸ் செடியில் ஒருவழியாகக் குடுவைகள் வந்துவிட்டன. ஒன்று மூடி திறந்து வாய் விளிம்பு சிவக்கத் தொடங்கியிருக்கிறது, அதற்கு மேல் இலையில் இன்னொன்று ஊதிக்கொண்டிருக்கிறது, அதற்கும் மேலே இலை நுனியிலிருந்து நீளும் கம்பியின் முனை வீங்கித் தலையை மேல்நோக்கி வளைத்துவிட்டது. அடுத்தடுத்த மூன்று இலைகளில் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று வேண்டுமென்றேதான் காத்திருந்தேன். ஒற்றைக் குடுவை தற்செயலாகக்கூட வரும்.

என்னிடம் இருப்பது வென்ட்ராட்டா. வென்ட்ரிகோசா, அலாட்டா என்ற இரண்டு பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பு. (அந்த அலாட்டாவை இப்போது கிராசிலிஃப்ளோரா என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள், பெயர்ப்பலகையில் பழைய பெயர்தான் இருக்கும்.) நர்சரிகளில் தொங்குதொட்டியில் வைத்து விற்பது பெரும்பாலும் இதைத்தான். வாங்கும்போது சுற்றிலும் குடுவைகளாகத் தொங்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மூடிப் பக்கத்திலிருந்து காயத் தொடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், எந்தக் குடுவைக்கும் ஆயுள் சில வாரமோ சில மாதமோதான், இடம் மாறிய அதிர்ச்சியில் கொஞ்சம் சீக்கிரம் போய்விடும். பிரச்சினை அதற்கு அடுத்தது. புது இலை வருகிறது, பளபளவென்று நீளமாக. இலை நுனியிலிருந்து கம்பியும் நீள்கிறது. கம்பி முனையில் அரிசி அளவுக்கு ஒரு மொட்டு. அது அப்படியே நின்று, கறுத்து, காய்ந்துவிடுகிறது. இலை மட்டும் ஆரோக்கியமாக இருக்கிறது. இப்படியே இலைக்கு மேல் இலையாக.

யாரிடம் கேட்டாலும் முதல் பதில் ஈரப்பதம். மழைக்காட்டுச் செடி, காற்று ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இரு. அதனால் முதலில் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி இலை மட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். சுவரில் மாட்டினால் சுவரோரக் காற்றைத்தான் அளக்கும், இலை இருக்கும் உயரத்தில்தான் கட்ட வேண்டும். சாதாரணமாக 48 சதவீதம் காட்டியது. கைப்பம்பால் தெளித்தால் சட்டென்று 80-க்குத் தாவும், கால் மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைக்கும் முறையில் இரண்டு மூன்று சதவீதம் கூடியது, அவ்வளவுதான். தட்டுத் தண்ணீரில் கொசுப்புழு வந்தது தனி லாபம்.

அப்புறம் பெரிய பிளாஸ்டிக் உறை. நான்கு குச்சி நட்டு, மேலே உறையைக் கவிழ்த்து, அடியில் கொஞ்சம் திறப்பு விட்டேன். மீட்டர் 90-க்கு மேல் போய் அங்கேயே நின்றது. இலைகள் மெத்தென்று ஆயின, கலவையின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது, கம்பி நுனி மட்டும் அரிசி அளவைத் தாண்டவில்லை. 90 சதவீதத்திலும் வராத குடுவை ஈரப்பதக் குறைவால் வராமல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அதற்கடுத்து வாங்கியது ஒரு அல்ட்ராசானிக் ஹியூமிடிஃபையர்.

அந்தக் கருவி அறையை 65 முதல் 70 வரை நிலையாக வைத்திருந்தது. கூடவே இலைகளின் மேல் வெள்ளைத் தூள் படிய ஆரம்பித்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் சுண்ணாம்பு. இந்த வகைக் கருவி தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, அதிர்வால் நுண்துளியாக உடைத்து ஊதுகிறது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் துளியோடு சேர்ந்தே பறக்கிறது, துளி காய்ந்ததும் உப்பு இலையில் தங்கிவிடுகிறது. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, இதே தண்ணீரைத்தானே தினமும் தொட்டியிலும் ஊற்றுகிறோம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். பேனா அளவில் இருக்கும் சின்னது போதும். அது உண்மையில் தண்ணீரின் மின்கடத்தலை அளந்து பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்காக மாற்றிக் காட்டுகிறது, எந்த உப்பு என்று சொல்லாது, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் தெரியும். இந்த வேலைக்கு அதுவே அதிகம். குழாய்த் தண்ணீர் 420. ஆர்ஓ தண்ணீர் 30. பாத்திரத்தில் நேரடியாகப் பிடித்த மழைநீர் 10-க்கும் கீழே. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மழைநீர் அளவுக்குத்தான் காட்டியது, தூசியை வடிகட்டிவிட்டு அவசரத்துக்கு ஊற்றியிருக்கிறேன். பூச்சி பிடிக்கும் செடிகளுக்கு 50-க்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இவற்றை வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. இன்னொன்று, வீட்டுச் சுத்திகரிப்பானில் கனிமம் சேர்க்கும் பகுதி இருந்தால் ஆர்ஓ என்று பெயர் இருந்தாலும் 100-க்கு மேல் காட்டலாம். ஆர்ஓதானே என்று நம்பி ஊற்றாமல் அளந்துவிடுங்கள்.

ஊற்றும் தண்ணீரைவிடத் தொட்டியின் அடியில் வடியும் தண்ணீரை அளப்பதுதான் முக்கியம். முறை சுலபம்: வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு ஆர்ஓ தண்ணீரை மெதுவாக மேலே ஊற்றி, அடியில் முதலில் வடியும் அரை டம்ளரை மட்டும் பிடிக்க வேண்டும். வேர் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த அரை டம்ளரில் வரும். என் தொட்டியில் அது 780.

முதலில் தொட்டியை மாற்றாமல் கழுவியே சரிசெய்யப் பார்த்தேன். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றி வடியவிட்டதும் 300-க்கு இறங்கியது. அடுத்த வாரம் அளந்தால் 500. ஊற்றுவது 30 பிபிஎம் தண்ணீர் மட்டும்தான், பிறகு எப்படி ஏறுகிறது? இதற்குப் பதில் தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் கிடைத்தது. கலவை முழுக்க முழுக்கக் கோகோபீட் (தேங்காய் மட்டைத் தூள்), அதற்குள் கடுகைவிடப் பெரிதாக மஞ்சள் உருண்டைகள். மெதுவாகக் கரையும் உரம். நர்சரியில் செடி வேகமாகத் தழைக்க அது உதவும்தான், அங்கே தினமும் தண்ணீர் பாய்ந்து உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கும். இங்கே கரைந்த உரம் தொட்டிக்குள்ளேயே தேங்கியது. கோகோபீட்டும் சரியாகக் கழுவப்படாவிட்டால் பொட்டாசியம், சோடியம் உப்புகளைச் சுமந்துகொண்டுதான் வரும்.

வேரைப் பார்த்துப் பதற வேண்டாம். நெப்பந்தஸ் வேர் இயல்பாகவே கறுப்பு, கருகிய நூல் போல மெல்லியது, கொஞ்சம் அழுத்தினாலே முறியும். வேறு செடியில் இப்படிப் பார்த்தால் அழுகல் என்று வெட்டியெறிவோம். அழுகிய வேருக்கும் இதற்கும் வித்தியாசம் தொட்டால் தெரியும், அழுகியது கூழாக நசுங்கி நாறும், நல்ல வேர் விறைப்பாக இருக்கும். பழைய கலவையை விரலால் உதிர்க்காமல் ஒரு வாளி ஆர்ஓ தண்ணீரில் வேர்ப்பந்தை மூழ்கவைத்து மெல்ல ஆட்டினேன், பெரும்பகுதி தானே கழன்றது. நடுவில் ஒரு மெல்லிய துணி உறை இருந்தது, திசுவளர்ப்பில் வந்த செடிகளில் இது இருக்கும். வேர்கள் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்ததால் பிய்க்காமல் ஒரு பக்கம் மட்டும் கத்தரியால் கீறிவிட்டு அப்படியே விட்டேன். உரவுருண்டைகளைக் கண்ணில் பட்டவரை இடுக்கியால் பொறுக்கினேன்.

புதுக் கலவை, பருமன் கணக்கில்: நீளநார் ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக்கல், வெள்ளையாக லேசாக இருக்கும்) ஒரு பங்கு, ஆர்க்கிட்டுக்குப் போடும் பைன் பட்டை ஒரு பங்கு. பாசி உலர்ந்த கட்டியாக வரும், ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்தால் பல மடங்கு உப்பும். பட்டையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், உலர்ந்த பட்டை தண்ணீரை ஏற்காமல் வழியவிடும். துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கட்டும். பெர்லைட்டில் தூளாக இருப்பதைச் சலித்துத் தள்ளிவிட்டு 4 முதல் 6 மில்லிமீட்டர் உள்ளதை மட்டும் எடுத்தேன், சலிக்கும்போது முகக்கவசம் வேண்டும், முன்பே தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் தூசி பறக்காது. பாசியைக் கையாளும்போது கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை அதில் இருக்கலாம், தோலில் கீறல் வழியாகப் புகுந்தால் ஆறாத புண்ணாக்கும்.

தொட்டி 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக். மண்தொட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சுவர் வழியாக ஈரம் ஆவியாகி உப்பைச் சுவரிலேயே சேர்த்துவைக்கும், இந்தச் செடிக்கு ஆகாது. அடித்துளைகள் போதாதென்று பக்கவாட்டிலும் சூடான கம்பியால் துளையிட்டேன். பாசியை அமுக்கிப் போடக் கூடாது. நிரப்பியபின் விரலால் லேசாக அழுத்திவிட்டு எடுத்தால் பழையபடி எழும்ப வேண்டும், அமுங்கியே கிடந்தால் இறுக்கம் அதிகம். தண்ணீர்த் தட்டில் நிறுத்தியும் வைக்கக் கூடாது. வீனஸ் ஈப்பொறிக்குத் தட்டுத் தண்ணீர் சரி, நெப்பந்தஸுக்கு வேருக்குக் காற்று வேண்டும். மேல்பாசி லேசாக வெளிறத் தொடங்கும்போது அடியில் வடியும்வரை ஊற்றினால் போதும்.

அதே நாளில் வெளிச்சத்தையும் மாற்றினேன். இலைகள் கரும்பச்சையாக, நீளமாக, தொங்கலாக இருந்தன, இது வெளிச்சம் போதாத அடையாளம். ஜன்னலில் காலை வெயில் இரண்டு மணி நேரம் படும் இடம், அதற்கு மேல் 24 வாட் எல்இடி விளக்கு இலை நுனியிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில், டைமர் வைத்துத் தினம் 12 மணி நேரம். நேரடி உச்சிவெயில் இலையைப் பொசுக்கிவிடும். சரியான வெளிச்சத்தில் இலை கொஞ்சம் குட்டையாகி, பச்சை வெளிறி, நடு நரம்போரம் சிவப்பு ஏறும்.

கலவையையும் வெளிச்சத்தையும் ஒன்றாக மாற்றியதால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாத நிலை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொட்டி மாற்றிய பிறகு செடி அப்படியே நின்றது. பழைய இலைகளின் காய்ந்த நுனிகள் இனி உயிர்க்காது, அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மாற்றும்போதே குருத்துக்குள் பாதி உருவாகியிருந்த இலையும் வந்து, அதன் நுனியும் கறுத்தது. அதற்கடுத்த இலையில்தான் மாற்றம். அரிசி அளவு மொட்டு கீழ்நோக்கித் தொங்கி, பிறகு கொக்கியாக மேலே வளைந்தது, பக்கவாட்டில் தட்டையாக இருந்தது திடீரென்று ஊத ஆரம்பித்தது. ஊதத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு காலையும் அளவு வித்தியாசம் தெரியும். மூடி இறுக மூடியிருக்கும்போதே உள்ளே திரவம் சுரந்துவிடுகிறது, விளக்கைப் பின்னால் பிடித்தால் மட்டம் தெரியும். திறந்தபின் சில நாள் வாய் விளிம்பு அகலமாகிக்கொண்டே போய் நிறம் ஏறும். அந்தத் திரவத்தைக் கொட்டவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றி நிரப்பவும் வேண்டாம். பயணத்தில் கவிழ்ந்து காலியான குடுவைக்கு மட்டும் அடியில் கொஞ்சம் மழைநீர் விடலாம்.

எது வேலை செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன். செடியில் ஒரு கொடி ஒன்றரை மீட்டர் ஓடியிருந்தது. இதை வெட்டினால் அடியிலிருந்து புதுக் கிளை வெடிக்கும், குண்டான கீழ்க்குடுவைகள் அதில்தான் வரும். வெட்டிய கொடியைத் துண்டுக்கு இரண்டு கணு இருக்கும்படி துண்டுபோட்டேன். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வெட்டு, ஒவ்வோர் இலையையும் பாதியாகக் கத்தரித்தாயிற்று, முழு இலையை விட்டால் வேர் வருமுன் தண்ணீரை இழந்து வாடும். வேர்த்தூள் தொட்டு, ஈரப்பாசியில் செருகி, மூடியுள்ள ஒளிபுகும் டப்பாவில் வைத்தேன். ஈரப்பதம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான், வேரில்லாத துண்டுக்கு. ஒன்று அடியிலிருந்து கறுத்துப் போனது, மற்றவற்றில் கணுவிலிருந்து துளிர் வந்தது. மேலே துளிர் வந்தவுடன் பிடுங்கிப் பார்க்கக் கூடாது, வேர் அதற்குப் பின்தான் வரும்.

வேர் பிடித்தவற்றில் மூன்றை ஒரே அளவுத் தொட்டியில், ஒரே விளக்கின் கீழ் வரிசையாக வைத்தேன். முதலாவதில் பாசிக்கலவை, ஆர்ஓ தண்ணீர். இரண்டாவதில் தேங்காய் மட்டைத் துண்டுகள், ஆர்ஓ தண்ணீர். மட்டையை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, ஊறிய தண்ணீர் 50-க்குக் கீழே காட்டும்வரை கழுவியிருந்தேன், பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. மூன்றாவதில் முதலாவதைப் போலவே பாசிக்கலவை, ஆனால் குழாய்த் தண்ணீர். டப்பாவிலிருந்து எல்லாவற்றையும் படிப்படியாக வெளிக்காற்றுக்குப் பழக்கினேன், மூடியைத் தினம் கொஞ்சம் அதிகம் திறந்துவைத்து. பிறகு உறை இல்லை, ஹியூமிடிஃபையர் இல்லை, 50 சதவீதத்துக்குப் பக்கமான சாதாரண அறைக்காற்று.

முதலாவது முதலில் குடுவை விட்டது. மட்டைத் துண்டில் இருந்தது ஓர் இலை தாமதித்து விட்டது, அளவில் குறையில்லை. மூன்றாவது சுண்டுவிரல் நகமளவில் இரண்டு குடுவை விட்டுவிட்டு நின்றுபோனது, அடுத்து வந்த நுனிகள் பழையபடி கறுத்தன, பாசியின் மேல் வெள்ளைப் பொருக்கு. மூன்றுக்கும் வெளிச்சமும் காற்றும் ஒன்று. ஆக என் வீட்டில் குடுவையைத் தடுத்தது உப்பு. கோகோபீட் என்ற பொருளின் மேல் பழி போட வேண்டியதில்லை, கழுவாத, உரம் கலந்த கோகோபீட்டின் மேல் போடலாம். வெளிச்சத்துக்குத் தனிச் சோதனை வைக்கவில்லை, ஆனால் விளக்கு வந்தபின் குடுவையின் சிவப்பு கூடியது கண்கூடு.

உணவு விஷயம் சுருக்கமாக. தொட்டியில் உரம் வேண்டவே வேண்டாம். வெளியே தொங்கினால் எறும்பு தானாகப் போய் விழும், வென்ட்ராட்டா பிடிப்பதில் பெரும்பகுதி எறும்புதான், கொசுவை ஒழிக்கும் என்று வாங்காதீர்கள். உள்ளே வைத்திருந்தால் மீனுக்குப் போடும் உலர்ந்த ரத்தப்புழுவை நனைத்து ஒரு குடுவைக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாக. அதிகம் போட்டால் செரிக்காமல் அழுகி நாறும், குடுவையும் சேர்ந்து போகும். இறைச்சித் துண்டு போடுவது குழந்தைகளுக்கு வேடிக்கை, செடிக்குத் தண்டனை.

செலவில் எல்லாவற்றையும்விட அதிகம் பிடித்தது ஹியூமிடிஃபையர், இப்போது அலமாரி மேல் இருக்கிறது. அடுத்தது விளக்கு, பிறகு பாசி. எல்லாவற்றிலும் மலிவு டிடிஎஸ் மீட்டர், அடுத்த செடிக்கு அதைத்தான் முதலில் எடுப்பேன்: வாங்கி வந்த அன்றே வடிநீரை அளப்பேன், 200-க்கு மேல் இருந்தால் செடி கொஞ்சம் அடங்கியதும் கலவையை மாற்றிவிடுவேன், வெளிச்சத்தைப் பிறகு தனியாக மாற்றுவேன். பட்டைத் துண்டுகளை இன்னும் கூட்டலாம் என்றும் நினைக்கிறேன், பாசி வருடக்கணக்கில் மட்கிக் குழைந்துவிடும், பட்டை அவ்வளவு சீக்கிரம் குழையாது.

இந்தக் குறிப்புகள் வென்ட்ராட்டா மாதிரி எதையும் தாங்கும் செடிக்கு. மலை உயரத்து இனங்களுக்கு இரவுக் குளிர் வேண்டும், போர்னியோவின் கினபாலு மலையில் 1500 மீட்டருக்கு மேல் வளரும் ராஜா இனத்துக்குத் தண்ணீரை எவ்வளவு சுத்தமாகக் கொடுத்தாலும் இரவு வெப்பநிலை இறங்காவிட்டால் பிழைக்காது. ராஜாவும் மேகாலயாவின் காசியானாவும் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை, காட்டிலிருந்து பிடுங்கியதை யார் கொடுத்தாலும் தொட வேண்டாம், நர்சரியில் விதையிலோ திசுவளர்ப்பிலோ வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது துண்டையும் இப்போது ஆர்ஓ தண்ணீருக்கு மாற்றி, மேல்பாசியைச் சுரண்டிப் புதிது போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பட்டை நாடா ஒட்டி வடிநீர் எண்ணைப் பென்சிலால் எழுதிவருகிறேன், 100-ஐத் தாண்டினால் அந்தத் தொட்டிக்கு மட்டும் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஊற்றிக் கழுவல். கடைசியாக அளந்ததில் தாய்ச்செடி 38, மட்டைத் துண்டு 61, மூன்றாவது இன்னும் 140-இல் நிற்கிறது.